ஆறாவது பெயர்

பதிவுப் புத்தகத்தில் என்னுடையது ஆறாவது.
முன்னுள்ள ஐவரில் ஒருவர் செத்துவிட்டார்,
ஒருவர் மெல்பேர்னில்.
மிச்ச மூன்று பேரையும் தேடிப் பிடித்தேன்.
அது எனக்குப் பெரிய வேலையில்லை.
லீசிங் கொம்பனியில்
தவணை தவறியவர்களுக்குப் போன் எடுப்பவள் நான்,
நம்பர் மாற்றினாலும் கண்டுபிடிப்பேன்.

வெள்ளவத்தையில் ஒரு ஐப்பசிக் காலை
சாவியைத் திருப்ப
நீலப்புகை எழும்பி மூன்றாம் மாடிக்குப் போயிற்று.
திருமதி அமரதுங்க
காயப்போட்ட சேலையோடு சேர்த்து யன்னலை அறைந்தார்.

தொண்ணூற்றாறில் யப்பானில் செய்த டேர்போ.
பின்கதவில் ஐந்து எழுத்தில் முதலிரண்டும் உதிர்ந்து
மகள் அதை ‘ர்போ’ என்றுதான் கூப்பிடுவாள்.

ஆமர் வீதி இரும்புக்கடைச் சாரங்கன், இரண்டாம் பெயர்:
“பதினொரு வருஷம், பிள்ளை,
ஒருநாளும் நடுவழியில விட்டதில்லை.”
அதே மூச்சில்
தண்ணிப் பம்ப் ரெண்டு தரம்,
கெஸ்கெட் ஒருக்கா,
கம்பளையில் மழைக்குள்ள ஒரு முழு இரவு.
“அதுகளையும் கணக்கில எடுக்கிறதே?”

தெமட்டகொட நவ்ஷாட், நாலாம் பெயர்:
“கள்ளன் அது. என்ட ரெண்டு பெருநாளத் திண்டது.”
கொஞ்சம் பொறுத்து,
இறக்குமதியை நிறுத்தின நேரம்
வாங்கின விலைக்கு இரட்டிப்பாய் விற்றதையும்
அவராகவே சொன்னார்.
பிறகு இன்னும் தாழ்ந்த குரலில்
“கட்டுநாயக்க ரோட்டுல விடியக்காலம் ஒருக்கா
மிதிச்சுப் பாருங்க.
அந்த விசில் சத்தம்.”

பெனடிக்ற் மிராண்டா பயந்துவிட்டார்.
என் குரலுக்கு அப்படி ஒரு பழக்கம்.
காசு கேட்கவில்லை என்று மூன்று தரம் சொன்னபின்
கொட்டாஞ்சேனையிலிருந்து மெல்ல வந்தது பதில்:
“பெற்றோல் வரிசைக் காலம், மிஸ்.
ஓடி நிண்டதும் ஒரு நிமிஷம் எஞ்சினை
சும்மா ஓட விடவேணும் எண்டு தெரியும்.
ஆனா பின்னால முந்நூறு வாகனம்,
எல்லாரும் பார்க்கிறாங்கள்,
நான் நிண்ட இடத்தில எரிக்கிறன் எண்டு.
சாவியைத் திருப்பிப்போட்டன்.
ஒவ்வொரு முறையும்.”

பஞ்சிகாவத்தையில்
விமலசேன பாஸ் அதைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார்.
நத்தை ஓடு மாதிரி,
ஆனால் நத்தையை விடப் பாரம்.
நடுத்தண்டு பல் ஆடுவதுபோல ஆடிற்று.
சுட்டுவிரலைச் சுழற்றிக் காட்டி
அரைத் தமிழில் சொன்னார்:
எஞ்சின் நிண்டிட்டது, இதுக்குத் தெரியாது.
இது சுத்துது, சுத்துது.
ஒயில் வராது. காய்ஞ்சு எரியும்.

இரண்டு லட்சத்து எண்பதாயிரம்.
அதுவும் கொன்டெய்னரில் வந்த இன்னொன்றின் உறுப்பு.
ஆறுமாதத் தவணையில் கட்டுகிறேன்,
யாருக்கு எப்போது அழைப்பு வரும் என்று தெரிந்தவள்
தேதி தவறுவதில்லை.

இப்போதெல்லாம்
காலி வீதி நெரிசலில் வெந்து வந்து
வளவுக்குள் நிறுத்தி
கியரை எடுத்துவிட்டு
அந்த ஒரு நிமிஷம் உட்காருகிறேன்.
காதுக்குள் இன்னும் சுற்றுகிறது
மத்தியானம் அழுத அந்த முச்சக்கரவண்டிக்காரன்,
“நாளைக்கு, மிஸ், நாளைக்கு” என்றவள்,
பேசாமல் போனை வைத்த ஒரு கிழவர்.
காவலாளி முதலில் டோர்ச் அடித்துப் பார்த்தான்,
இப்போது கேற்றைச் சாத்திவிட்டுப் போய்விடுகிறான்.

பல்கனியிலிருந்து மகள் எண்ணுவாள்.
அறுபது வந்ததும் கை காட்டுவாள்.
நான் இன்னும் இருபது கேட்பேன்.

நேற்று ஒயில் கோலைத் துடைத்து விட்டுப் பார்த்தேன்.
அரை விரற்கடை குறைவு.
கீழே சொட்டில்லை, புகையும் இல்லை.
எங்கே போகிறதென்று பாஸுக்கும் தெரியவில்லை.
டிக்கியில் ஒரு போத்தல் எப்போதும் வைத்திருக்கச் சொன்னார்.