ஏழாம் பெட்டிக்குப் பக்கத்தில்

காவாபோன் ஆற்றுக்கு இந்தப் பக்கம்
காலை ஆறரைக்கு வண்டியை நிறுத்தி
மாமரக் கிளையில் தராசைத் தொங்கவிடுகிறேன்.
முள் பூஜ்யத்தில் நிற்பதை
எல்லோருக்கும் காட்டியாக வேண்டும்.
இதுவரை யாரும் கேட்டதில்லை.
பார்க்காமல் இருந்தவரும் யாருமில்லை.

பன்னிரண்டு குடும்பம். வாளி வாளியாய்
வெண்சதை ஒட்டிய கோகோ விதை.
தேனீக்களும் கூடவே வந்துவிடுகின்றன
கூலி கேட்காமல்.

சந்தைத் தரகனுக்குக்
கழுவிக் காயவைத்தது போதும்.
கையில் காசு, கேள்வி கிடையாது.
நான் கழுவாததைக் கேட்கிறேன்,
இன்று உடைத்ததை இன்றே கேட்கிறேன்,
எப்போது உடைத்தாய் என்றும் கேட்கிறேன்.
கணக்குப் பார்த்தால்
அவனைவிட நான் கூடத்தான் தருகிறேன்.
கணக்குப் பார்க்க
வெள்ளிக்கிழமைவரை பொறுக்க வேண்டும்,
ஏலக்காயும் விலை விழுந்த வருடத்தில்.

கடைசியாக வந்தாள் கிரிசாந்தா ஷோல்.
வாழையிலையைத் தூக்கியதுமே
மூக்கில் ஏறியது லேசான சாராய வாடை.
"எப்போது உடைத்தது?"
"இன்றைக்கு."
அவள் பாவாடை இடுப்புவரை நனைந்திருந்தது.
நேற்று ஆறு யாரையும் தாண்டவிடவில்லை
என்பது எனக்கும் தெரியும்.

திருப்பி அனுப்பு என்கிறது சங்கத்தின் விதி,
நானே கை தூக்கி நிறைவேற்றிய விதி.
அறுபத்தோரு ராத்தல் என்று எழுதினேன்.
பக்கத்தில் பேனா ஒரு புள்ளி வைத்தது.
அதை அவள் பார்த்தாள்.

கொட்டகையில்
எல்லாருடையதும் ஏழாம் பெட்டிக்குள் போனது,
அவளுடையதைத் தவிர.
அதை மூடி உடைந்த மீன் பெட்டியில் கொட்டி
இலை போர்த்தினேன்.
கொஞ்சமாய் இருந்தால் சூடு பிடிக்காது கோகோ.
இரண்டு நாள் கைவிட்டுப் பார்த்தேன், வெறும் ஈரம்.
மூன்றாம் நாள் இழுத்துப்போய்
ஏழாம் பெட்டியின் பலகையோடு ஒட்டி வைத்தேன்.
நாற்பத்தெட்டு டிகிரியில் அது
காடி வாடையோடு
மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.

காய்ந்தபின் ஐம்பது விதையை
நீளவாக்கில் பிளந்தேன்.
இருபத்துமூன்று பழுப்பு. மற்றதெல்லாம்
கத்தரிக்காய்த் தோல் நிறம்.
போதாது.
மூட்டை கட்டித் தரகனிடமே போட்டேன்.

அறுவடை பாதியில் கடிதம் வந்தது,
கோதன்பர்கில் சாக்லேட் செய்கிறவளிடமிருந்து:
ஏழாம் பெட்டி, உலர்ந்த அத்தி,
மழையில் நனைந்த கல்,
நெடுநேரம் நாக்கைவிட்டுப் போகாத புளிப்பு.
கூட்டத்தில் கெக்சி மொழியில் சொல்லிப் பார்த்தேன்.
உலர்ந்த அத்தியை அங்கே யாரும் தின்றதில்லை.
"கல்லை நக்கிப் பார்த்தாளாமா?"
என்றார் செபெரினோ ட்சூப்.
கொட்டகையே சிரித்தது.
கிரிசாந்தா மட்டும்
"என்னுடையதுக்கு என்ன எழுதியிருக்கிறாள்?" என்றாள்.

தாளை நான்காக மடித்தேன்.
அனுப்பவில்லை என்றேன்.

"அன்றைக்கே முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால்
திட்டியிருப்பேன், போயிருப்பேன்.
நீ புள்ளி வைத்தாய்."

அடுத்த செவ்வாய்
எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள்.
மாமரத்தடியில் உடைக்காத காய்கள்,
மஞ்சளும் செம்புமாய் இடுப்புயரக் குவியல்.
ஆற்றைத் தாண்டி எத்தனை நடை சுமந்தாளோ.
கத்தி விதையைக் கீறிவிடும் என்று
கட்டையால் தட்டினாள்
ஒவ்வொரு தட்டுக்கும் என்னைப் பார்த்துக்கொண்டு.
வரிசையில் நின்ற பதினொருவரும்
வாளியைக் கீழே வைத்துவிட்டார்கள்.
எட்டரை ஆனது. ஒன்பதானது.
வண்டிக்காரன் ஹாரன் அடித்தான்,
நான் கையமர்த்தினேன்.

கடைசிக் காயின் பாதியை என்னிடம் நீட்டினாள்.
சப்பினேன்.
"என்ன ருசி? கடிதத்தில் எழுதுகிற மாதிரி சொல்."
வாய் நிறைய விதை.
"சரி, துப்பு" என்றாள்,
வாளியை என் மோவாய்க்குக் கீழே பிடித்து.
"அதையும் சேர்த்து எடை போடு."