கீழே குடியிருப்போர்

மே மாதம். நிழல் பட்ட இடத்தில் மட்டும் பனி மிச்சம்.
லோரெய்ன் பெல்ட்டியே தலைநகரிலிருந்து
இரண்டரை மணி நேரம் ஓட்டி வந்திருந்தாள்.
ரப்பர் பூட்ஸ், நீளக் குச்சி, வாளி, ஸ்டாப்வாட்ச்.
பின்னால் நான், சாவிக்கொத்தோடு.
வெஸ்ட் டன்மோரின் நீர்த்துறை என்றால்
நானும் இந்தச் சாவிக்கொத்தும்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றில்
மண் கொட்டி, குதிரைகளை விட்டு மிதித்த கரை.
உயரம் முப்பத்தோரடி.
நியூ ஹாம்ப்ஷயர் வரைபடத்தில்
ஒரு கொசு உட்கார்ந்தால் மறைந்துவிடும்.

குச்சியால் குத்திக்கொண்டே போனாள்.
ஓரிடத்தில் முழங்கை வரை உள்ளே போனது.
பெருச்சாளிக்கு அண்ணன் போலொரு பிராணி இங்கே உண்டு.
எலி வளையானாலும் தனி வளை வேண்டுமே, அதற்கும்.

அடிவாரக் கசிவில் வாளியை வைத்தாள்.
நிறைய நாற்பத்தொரு விநாடி.
போன வருஷம் நான் அளந்தபோது நாற்பத்து மூன்று.
ஒரு குப்பியில் பிடித்து
வெயிலுக்கு எதிரே தூக்கிப் பார்த்தாள்.
"தெளிவாகக் கசிந்தால் கசியட்டும்.
கலங்கினால்தான்
கரை உள்ளுக்குள் கிளம்பிவிட்டதென்று அர்த்தம்."

படிவத்தில் எழுதினாள்: நிலை, சுமார்.
தெரிந்ததுதான். என் முழங்கால்களும் சுமார்தான்.
அடுத்த கட்டத்தில்: அபாய வகை, உயர்வு.

சண்டைக்குப் போனேன்.
சென்ற ஆய்வில் தாழ்வு என்றுதானே போட்டீர்கள்?
அதே மண், அதே மதகு, அதே கலிங்கு,
ஒரு கல்கூட நகரவில்லையே!

"வகை அணையைப் பற்றியதல்ல, மிஸ்டர் வாஷோன்.
நாளைக்கே புதிதாகக் கட்டினாலும் இதே வகைதான்.
உடைந்தால் யார் சாவார் என்கிற கணக்கு இது.
கீழே மாடு மேயும்வரை தாழ்வு.
ஒருவர் படுத்துத் தூங்கினால்..."
பேனாவால் காட்டினாள்.

ஓடை திரும்பும் இடம்.
பச்சைத் தகரக் கூரை.
கொடியில் என் போர்வை காய்ந்துகொண்டிருந்தது.

மலிவாகக் கிடைத்த நிலம்.
வேலைக்கு நடந்தே போகலாமென்று
நானே ஆணியடித்து எழுப்பிய வீடு.

நகரசபையில் கேட்டார்கள்.
கலிங்கை அகலப்படுத்த நான்கு லட்சம் டாலர்,
வீட்டுக்கு வீடு தண்ணீர் வரி ஏறும்.
"எந்த மடையன் அங்கே போய் வீடு கட்டினான்?"
என்றாள் டார்லீன் ஹூப்பர்.
மடை திறக்கிறவன் மடையன் என்றால்
சரியாகத்தான் கேட்டாள்.
நான் கையைத் தூக்கினேன்.

அவசரத் திட்டம் ஒன்று வேண்டும் என்றார்கள்.
யார் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற பட்டியலை
சமையலறை மேசையில் டைப் அடித்தேன்.
முதல் எண்: அணைப் பொறுப்பாளர், அல்சிட் வாஷோன்.
நான்காவது: கீழே குடியிருப்போர், வாஷோன், இருவர்.
இரண்டும் ஒரே எண்.

அக்டோபரில் மூன்று நாள் விடாத மழை.
ஈவெட் தூங்கிவிட்டாள்.
டார்ச்சும் ஊறுகாய்ப் பாட்டிலுமாக
ஓடையோரம் ஏறிப் போனேன்.
பிடித்தேன்.
பாட்டிலுக்குப் பின்னால் விளக்கை வைத்தேன்.

தெளிவுதான்.
கொட்டிவிட்டு
இன்னொரு முறை பிடித்தேன்.