தகரக் கதவு

எர்ணாவூரில் எங்கள் வீட்டுக்கும்
கன்டெய்னர் லாரிகளுக்கும் நடுவில்
ஒரு தகரக் கதவுதான்.
உப்பு வேண்டுமென்றாலும்
கத்தித்தான் கேட்போம்.

ராயபுரத்தில் கல்லூரி. முதல் நாள்
"ஜெனோவா" என்று கூப்பிட்டதும்
"உள்ளேன் மேம்" என்றேன்.
ஜன்னலிலிருந்து புறா எழுந்து போனது.
வகுப்பே சிரித்தது.
பெனசீர் மட்டும் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்,
எனக்கு ஏதோ ஆகிவிட்டதென்று.

அன்றிலிருந்து குரலைச் சுருட்டி
ரெக்கார்டு நோட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.
இறங்குமிடம் சொன்னால் ஷேர் ஆட்டோக்காரர்
"இன்னாம்மா, சாப்டலியா?" என்பார்.
"என்னாடி முணுமுணுக்கிற, லவ்வா?"
இது அம்மா.

இல்லை. கணக்கில் அரியர்.
பள்ளியில் நூற்றுக்குக் குறைந்ததில்லை நான்.
மெல்லச் சொன்னேன்,
லாரி எடுத்துக்கொண்டு போய்விட்டது.
மறுபடி சொல்ல நான்கு நாள் ஆனது.

மார்ச் மாதம், கெமிஸ்ட்ரி லேப்.
பெனசீரின் துப்பட்டா நுனி
பர்னர் பக்கம் சாய்ந்தது.
"ஏய்!"
ஒரு ஹைரோடே என் வாயிலிருந்து வந்தது.
யாரும் சிரிக்கவில்லை.
கருகிய ஓரத்தை அவள் இன்னும் வெட்டவில்லை,
கிளாஸில் அதைத் திருகிக்கொண்டே இருப்பாள்.

இப்போதெல்லாம் சாயங்கால ரயிலில்
தண்டையார்பேட்டை தாண்டிக் கூட்டம் குறைந்ததும்
கதவோரம் நின்று
என் பெயரை நானே சொல்லிப் பார்க்கிறேன்.
கத்தலும் இல்லை, முணுமுணுப்பும் இல்லை.
சரியாக வருவதற்குள்
விம்கோ நகர் வந்துவிடுகிறது.