கூட்டம், பெண், ஆ

நகராட்சியிலிருந்து ஓட்சுபோ வந்திருந்தார்.
வாசலில் நின்று ஷூவைப் பார்த்தபடியே சொன்னார்:
உங்கள் குரல் நன்றாகத்தான் இருக்கிறது,
சிக்கலே அதுதான்.
அலை வருகிறது என்று நீங்கள் சொன்னால்
தேநீர் வருகிறது என்பது போலக் கேட்கிறது.
போன நவம்பரில் பதினேழு பேர்
கைப்பேசியோடு கடலைப் பார்க்கப் போய்விட்டார்கள்.
இந்த முறை கொஞ்சம்
பயந்து பேச முடியுமா?

ஒமிசாகியின் முப்பத்தெட்டுக் கம்பங்களிலும்
பத்து வருடமாக நான்தான் குடியிருக்கிறேன்.
மாலை ஐந்துக்குப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புவது நான்.
கரடி இறங்கியிருக்கிறது, குப்பையை வெளியே வைக்காதீர்கள்,
அதுவும் நான்.
என் குரலுக்கு என் தெரு நாய் கூடத் திரும்புவதில்லை.

அவருக்குத் தெரியாது,
இருபத்து நான்கு வயதில் எனக்குப் பிழைப்பே பயம்தான்.

சுகினாமியில் ஓர் அரிசிக்கடைக்கு அடியில்
முட்டைத் தட்டு ஒட்டிய நிலவறை.
ஒரு மைக், ஏழு பேர்.
சேர்ந்து சாகாதீர்கள், என்பார் ஒலி இயக்குநர் குசாகபே,
ஒவ்வொருவராகச் சாகுங்கள்.
ஒப்பந்தத்தாளில் எனக்குப் பெயர் கிடையாது.
கூட்டம், பெண், ஆ.
மதியம் ஆறிப்போன சோபா, தொண்டைக்கு இஞ்சி மிட்டாய்,
மறுபடி சாவு.

முப்பத்தாறு வருடம் கழித்து
இன்றிரவு அந்தப் படத்தைப் போட்டேன்.
சாம்பல் மழை விட்ட மறுநாள்
சுவர்களில் ஒட்டியிருந்த நிழல்கள் எழுந்து
சொந்தக்காரர்களைத் தின்னத் தொடங்குகிற கதை.
எழுதியவருக்கு எங்கிருந்து வந்தது இது என்று
அப்போது யாரும் கேட்கவில்லை.
எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

படத்தில் உலகம் அழிவது இரண்டாயிரத்து மூன்றில்.
அந்த வருடம் நான் குளிர்பதனப்பெட்டி மாற்றினேன்,
கணவனையும்.

தாளில் கோடு போட்டு எண்ணிக்கொண்டே பார்த்தேன்.
குளியல் தொட்டியில் ஒருத்தி, நான்.
டிராமில் டிக்கெட் கிழிப்பவள், நான்.
மாடியிலிருந்து விழும் செவிலி, அவளுக்குக் கீழே நிற்பவள்,
இரண்டும் நான்.
எரிகிற லாயத்தில் ஒரு குதிரை
(குதிரைக்கு வரவேண்டியவருக்குக் காய்ச்சல்), நான்.

எவ்வளவு அழகாகக் கத்தியிருக்கிறேன்!
வளைந்து ஏறி, உச்சியில் நின்று,
பட்டம் போல இறங்குகிறது ஒவ்வொன்றும்.
சாகிறவளுக்கு அவ்வளவு மூச்சு ஏது?
வாயில் முறுக்கை வைத்துக்கொண்டு சிரித்துவிட்டேன்.

பதினோராவது, பாலத்தில்.
குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடும் பெண்ணின் நிழல்
அவள் குதிகாலைக் கவ்வுகிறது.
அந்த நேரம் பார்த்து நக்ககோமே
பின்னால் நகர்ந்து என் சுண்டுவிரலை மிதித்தார்.
மர அடிப்பாகம் வைத்த செருப்பு.

'இ' என்று ஓர் ஒலி.
கத்தலில்லை. பாதியில் விழுங்கிய காற்று.
மன்னிக்கவும், இன்னொரு முறை எடுக்கலாம், என்றேன்.
வேண்டாம், என்றார் குசாகபே.
ஏனென்று அப்போது கேட்கவில்லை.

பின்னோட்டி மறுபடி போட்டேன்.
மறுபடி.
நான்காம் முறை
எழுந்து போய் விளக்கைப் போட்டேன்.

காலையில் நகராட்சி மூன்றாம் மாடி,
ஒலிப்பதிவு அறை.
ஓட்சுபோ தாளை நீட்டினார்:
பெரிய அலை. உடனே மேட்டுக்கு ஓடுங்கள்.
ஆறு முறை படித்தேன்.
ஆறு முறையும் தேநீர்.

ஓட்சுபோ, ஒரு உதவி.
ஷூவைப் போட்டுக்கொண்டு வந்து
என் கால்விரலை மிதிக்க வேண்டும்.
எப்போதென்று எனக்குச் சொல்லக்கூடாது.

அவர் குனிந்து வணங்கினார்.
அப்படியெல்லாம் முடியாது என்று
இன்னும் ஆழமாகக் குனிந்தார்.
நான் காலுறையைக் கழற்றி வைத்தேன்.
சிவப்பு விளக்கு எரிந்தது.
பெரிய அலை, என்று தொடங்கினேன்,
அவர் ஷூ எங்கே என்று
பார்க்காமலிருக்கப் பாடுபட்டபடி