எட்டு மில்லிமீட்டர்

கியூபெக்கில் இருந்து வந்த பொட்டலத்தை
சுங்கத்தில் ஒருமுறை பிரித்து ஒட்டியிருந்தார்கள்.
ஐந்து வகை மூக்குகள், வகைக்கு ஏழு;
வேண்டாததை ஒரு மாதத்துக்குள் திருப்பலாம்.
சமையல் மேசையில் நாளிதழ் விரித்து
வரிசையில் வைத்தேன்,
வார்டில் ஊசித்தட்டு வைக்கிற அதே ஒழுங்கில்.

உள்ளே ஓடுவது தெரிகிற பாலிகார்பனேட்.
வெள்ளை நைலான், அழுத்தினால் கொஞ்சம் இணங்கும்.
கறுப்பு, வெயிலைக் குடித்து
மற்றவற்றுக்கு முன்னால் இளகுமாம்.
எவர்சில்வர் மட்டும் பதினொரு மில்லிமீட்டர்,
மீதியெல்லாம் எட்டு.
கடைசி வகையில் ஒரு சின்னப் பந்து.
காதருகே ஆட்டினேன்.
கிலுக்.

மரங்கள் திருமதி எக்கிமனுடையவை.
வந்தவள் கோட்டைக் கழற்றாமலே
எவர்சில்வரைத் தொட்டாள்.
"பெரிய ஓட்டை, பெரிய வாளி.
அவித்து அவித்து வருடா வருடம் பாவிக்கலாம்."
முப்பது மாடு கறந்தவளின் கணக்கு.

நான் பதினேழு வருடமாக
பேர்ண் மருத்துவமனையில், சிறுநீரகப் பிரிவில்,
நாளுக்கு ஆறு கைகளில் ஊசி ஏற்றுகிறவள்.
எந்திரம் இழுக்கிற வேகத்தைப் பார்த்தல்ல,
நாளம் தாங்குகிற அளவைப் பார்த்துத்தான்
ஊசி எடுப்பது.
மூன்று மில்லிமீட்டர்தான் வித்தியாசம்,
ஆனால் துளைக்கு மேலும் கீழும்
ஒரு முழம் கட்டை உள்ளே செத்துப்போகும்;
பெரிய துளை மூட இரண்டு கோடை, சின்னதுக்கு ஒன்று.
அவள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாள்.
"மரமும் உனக்கு நோயாளிதானா?"
எட்டுக்கு ஒப்புக்கொண்டாள், அரை மனதாக.

பந்தை விளக்கத்தான் நேரம் எடுத்தது.
அவளுடைய ஜெர்மன் எமெண்டால் மேட்டில் உருள்வது,
என்னுடையது பாடப்புத்தகத்தில் இருந்து எழும்பாதது.
பகலில் மரம் தரும்.
இரவில் உறையும்போது திரும்ப உறிஞ்சும்,
குழாயில் ஊறிக் கிடக்கிற அழுக்கோடு சேர்த்து.
பந்து அப்போது வழியை அடைக்கும்.
"தந்ததைத் திருப்பிக் கேட்கிற மரம்,"
மேசையில் தட்டிச் சிரித்தாள்,
"என் கொழுந்தனேதான்!"
பந்து மூக்கு ஏழும் எங்களிடம் நின்றன.

பதநீர் மாதிரியா என்று
தங்கச்சி தொலைபேசியில் கேட்டாள்.
எனக்கு எப்படித் தெரியும்?
ஏணியில் மூன்றாம் படியிலேயே தலை சுற்றுகிறவள் நான்.

மாசி இரண்டாம் கிழமை.
இரவு மைனஸ் ஐந்து, பகல் ஆறு.
ட்ரூப்ஷாகன் ஸ்டேஷனுக்கு மேலே, சரிவில்,
அவள் துளைத்தாள், சற்று மேல்நோக்கி,
சொட்டு தானாக வெளியே வழிகிற சாய்வில்.
தூள் வெள்ளையாகச் சுருண்டு விழுந்தால் நல்ல இடம்,
பழுப்பென்றால் வேறு பக்கம் போ.
அடிப்பது என் வேலை.
டொக், டொக் என்பது
டப் என்று கனத்ததும் நிறுத்த வேண்டும்.

ஐந்து மரத்தில் நிறுத்தினேன்.
ஆறாவதில், டப் கேட்ட பிறகும்
இன்னும் ஒன்று அடித்தேன்.
மூக்குக்கு மேலே தலைமயிர் தடிப்பில் ஒரு கோடு.
அவள் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

பம்ப் தேவைப்படவில்லை.
ஒடுங்கிய குழாய்க்குள் முன்னே போகிற சொட்டு
பின்னே வருவதைத் தன் பாரத்தால் இழுக்க,
ஐந்து மரத்து நீரும் சரிவிறங்கி
பால் கேனில் நூலாக விழுந்தது.
ஆறாவது, பட்டையை நனைத்துக்கொண்டு நின்றது.
சிவந்த கழுத்துப்பட்டியை அவிழ்த்து
கோட்டின் மேல் கட்டிப் பார்த்தேன்,
பஞ்சு வைத்து அழுத்திப் பழகிய கை.
நிற்கவில்லை.

மறுநாள் விடிய
அந்தக் கோட்டில் இருந்து
விரல் நீளத்துக்கு ஒரு பனிக்கூர்.
எக்கிமன் ஒடித்தாள், பாதி எனக்கு.
தண்ணீர்தான்.
பிறகு, பல்லுக்குப் பின்னால், கொஞ்ச நேரம் கழித்து,
தண்ணீர் மட்டும் இல்லை.
"அறுபது லிட்டர் காய்ச்சினால் ஒன்று என்றாயே,"
வாயில் வைத்தபடி சொன்னாள்,
"விறகு மிச்சம்."

ஏழாவது மரத்தை நான் தொடவில்லை.
அதன் மூக்கு என் கோட்டுப் பையில்.
இரவு வேலைக்கு ரயில் ஏறும்போது
கிலுக் என்கிறது,
எதிர் இருக்கைக்காரர் நிமிர்ந்து பார்க்கிறார்.