மாஸ்டர் வராதென்ற பாடம்

புத்தகம் ஆங்கிலம், விளக்கம் பர்மீயம்,
அதட்டல் மட்டும் தமிழ்.
மோல்மேனில் அந்த வருஷம் மின்சாரம்
ஒருநாள் விட்டு ஒருநாள்.
வராத நாளில் உளுந்து மரக்காலைக் கவிழ்த்து
அதன் முதுகில் மெழுகுவத்தி ஒட்டுவேன்.

தம்பி தெய்வராயன் கத்திச் சொல்வான்.
பள்ளிப் பதிவில் அவன் மௌங் தான் ஸோ.
நான் வரிக்குமேல் விரலை வைத்துக்கொண்டு
எங்கே தடுக்குகிறான் என்று பார்ப்பேன்.
எட்டாவதோடு நின்றவள் நான்,
அப்பாவின் சைக்காவுக்கு டயர் வாங்கிய வருஷம்.
ஆங்கிலம் எனக்குக் கண்ணில் ஏறாது.
காதில் ஏறிவிட்டால் இறங்காது.

"தாமிர சல்பேட்?"
"நீலம்."
"சூடாக்கினால்?"
கொட்டாவி விடுவான்.
"வெள்ளை," என்று நான் சொல்வேன்,
பருப்பில் கல் பொறுக்கியபடியே.

பத்து வருஷத்துக் கேள்வித்தாள்களைக்
கடன்வாங்கி வந்தான் ஒருநாள்.
கடைக் கணக்கு எழுதும் கை சும்மா இருக்குமா?
பருப்பு கட்டும் தாளை விரித்து
குறுக்கே வருஷம், நெடுக்கே பாடம்,
கேள்வி வந்த இடத்தில் ஒரு புள்ளி.
விடிவதற்குள் புரிந்துவிட்டது:
பரீட்சைக்கும் பசி உண்டு.
லென்ஸ் பாடம் மூன்று வருஷமாய்ப் பட்டினி.
இந்த முறை இலைபோட்டு உட்காரும்.

"டியூஷன் மாஸ்டர் வராதுன்னுட்டார்.
மாசம் எவ்வளவு கொடுக்கிறோம் அவருக்கு!
பருப்புத் தாளுக்கு என்ன கொடுத்தோம்?"

அந்தப் பாடத்தை அவன் கத்தவே இல்லை.
ஆகவே எனக்கும் தெரியாது.

கல்லூரி சேர்க்கைக் கையேட்டில்
மருத்துவத்துக்கு இரண்டு எல்லை போட்டிருந்தது.
ஆணுக்கு ஒன்று,
பெண்ணுக்கு அதற்கும் மேலே ஒன்று.
"ஏன்டா இப்படி?"
"நிறையப் பெண்கள் எடுத்துடறாங்களாம் அக்கா."
பக்கத்தைத் திருப்பிவிட்டான்.
நான் கொஞ்ச நேரம் கழித்துத்தான் திருப்பினேன்.

மார்ச் வெயிலில் ஆறு நாள்
பள்ளிக்கூட வாசலில் சோற்றுத் தூக்கோடு நின்றேன்.
பூட்டிய கேட்டுக்கு வெளியே தாய்மார்கள்
அவரவர் சாமியைக் கூப்பிட்டார்கள்.
புத்தர், அல்லா, மாரியம்மன்,
கொஞ்ச தூரத்தில் ஒரு ஜெபமாலை.
நான் மனசுக்குள் சமன்பாடு எழுதிக்கொண்டிருந்தேன்,
யார் கேட்டார்களோ தெரியாது.

ஐந்தாம் நாள் பௌதிகம்.
மணி அடித்ததும் வெளியே வந்தவன்
தூக்கைத் திறக்கவில்லை.
"எட்டு மார்க்," என்றான்.
எந்தப் பாடம் என்று நானும் கேட்கவில்லை.
சைக்காவில் ஏறினோம்.
அப்பா மிதிக்கும் சத்தம் மட்டும்
ஆற்றங்கரைச் சாலை முழுக்க.

ஜூன் மழையில் பலகையில் ஒட்டினார்கள்.
குடையைத் தூக்கி எண்ணைத் தேடினோம்.
இருந்தது.
பக்கத்தில் சிறப்புத் தேர்ச்சி ஒன்றுகூட இல்லை.
தேறிவிட்டான், ஆமாம், லட்டு கொடுத்தோம்.
தபால்வழிப் படிப்பில் புவியியல்.
பகலில் மரக்கடையில் பலகை எண்ணுகிறான்.
மாஸ்டர் எங்களைக் கண்டால்
இப்போதும் நலம் விசாரிக்கிறார்.

பின்வீட்டு மோன் பெண் மி சான் ஓன்
நேற்று அரைக்கிலோ துவரை வாங்க வந்தாள்.
காசை எண்ணிக் கொடுத்துவிட்டும் நின்றாள்.
"அக்கா, புள்ளிவைத்த தாள் ஒன்று
உங்களிடம் இருக்கிறதாமே?
எனக்குப் பையன்களைவிடக் கூடுதலாக வேண்டும்."

இருந்தது. தராசுக்கு அடியில்
நாலாய் மடித்து வைத்திருந்தேன்.
எண்ணெய் ஊறி இரண்டு வருஷம் தெரியவில்லை,
ஆனால் எனக்கு மனப்பாடம்.

"விலை என்ன?" என்றாள்.

எட்டு மணிக்குக் கடை சாத்துவேன்.
மெழுகுவத்தி என்னுடையது.
நீ லென்ஸ் பாடத்தைக் கொண்டுவந்து
உரக்கப் படி.