அலை உடையாத இடம்

ஐந்தாம் நாளாகக்
கடலிலிருந்து கரைக்கே ஊதுகிறது.
ரம்ஸ் துறையில் பதினேழு படகும்
ஒன்றன் விலாவை ஒன்று இடித்துக்கொண்டு
கயிறு தேயத் தேய நிற்கின்றன.
நடுவில் பழைய டயர்களைத் தொங்கவிட்டோம்.
டயரும் கிழிந்தது.

எங்கள் துறையில் காற்றுக்குத் திசைக்கொரு பேர்:
வாடை, கொண்டல், கச்சான், சோழகம்.
இங்கே ஷமால்.
வடக்கு என்று அர்த்தமாம். வருவதோ வடமேற்கிலிருந்து.
பேரிலேயே பாதி பொய் வைத்திருப்பவனை
நம்பிக் கடன் கொடுக்காதே
என்கிறான் லூர்தையன்.

பதினாலு பாக ஆழத்தில்
எங்கள் எண்பது கர்கூர் கிடக்கின்றன.
கம்பிக்கூட்டுக்குள் மீன் நுழைந்து செத்து
அதைத் தின்ன வந்ததும் சிக்கிச் செத்து
யாருக்கும் கணக்கில்லாத மீன்பாடு.
கடலுக்குப் போகாத நாளுக்குப் பங்கு கிடையாது.
நோக்குதா வந்தார். போனை நீட்டிக் காட்டினார்:
எட்டடி, பத்தடி, சிவப்பு முக்கோணம்.
"பாச்சர்" என்றார்.
நேற்றும் இதே நாளையைத்தான் சொன்னார்.

மூன்றாம் நாள் சொறி ஒதுங்கியது,
கால் வைக்க இடமில்லாமல்.
நாலாம் நாள் தடுப்புக் கல்லைத் தாண்டித் தெறித்த தண்ணீர்
ஏலக் கொட்டகைத் தராசை நனைத்து
வெறும் தட்டில் ஒன்றரைக் கிலோ காட்டியது.

இன்று லீவு நாள்.
கேம்ப் பஸ் வந்து நின்றது.
முப்பது பேர்.
லுங்கி, ஒரு தண்ணீர் கேன், ஒரு பந்து.
அலையைப் பார்த்து மிரண்டு
கரையோரமாய் நடந்து நடந்து
அலை உடையாத ஓர் இடத்தைக் கண்டுபிடித்தார்கள்.
இரண்டு வெள்ளை நுரைக்கு நடுவே
ஒரு சந்து மாதிரி,
கறுத்து, வழவழவென்று.

ஐயோ, அதுதான் வாசல்.
ஐந்து நாளாய்க் கரையேறிக் குவிந்த தண்ணீர்
திரும்பிப் போகத் தோண்டிக்கொண்ட வாசல்.

கத்தினேன்.
தமிழில், மலையாளத்தில்,
இந்தியில் எனக்குத் தெரிந்த ஒன்பது சொல்லில்.
எதிர்க்காற்று
என் சொல்லை என் வாய்க்குள்ளேயே திணித்தது.
முதுகுக்குப் பின்னால் ரோட்டில் நின்ற
பஸ் டிரைவருக்குத்தான் கேட்டிருக்கும்.

ஒருவன் பந்தைத் துரத்தி இடுப்பளவு போனான்.
பந்து கரைக்கு வந்துவிட்டது.
அவன் வரவில்லை.

மேலே காற்று ஒரு பக்கம் தள்ள
அடியில் தண்ணீர் மறுபக்கம் இழுக்க
அவன் கரையையே பார்த்து நீந்தினான்,
நேராக, எல்லோரும் நீந்துவது போல.
நீந்த நீந்தத் தலை சிறிதாகிக்கொண்டே போனது.

மிதவை வடத்தைத் தோளில் போட்டு ஓடினேன்.
வடத்தின் தலைமாட்டை லூர்தையன் பிடித்தான்.
எட்டிக் கையைப் பற்றியதும் என் கழுத்தில் ஏறினான்.
கரையைப் பார்க்காதே, குறுக்கே போ
என்று எந்த மொழியில் சொன்னேனோ,
தோளால் முட்டித்தான் திருப்ப முடிந்தது.
சந்தைவிட்டு நுரைக்குள் விழுந்தோம்.
எதைக் கண்டு ஒதுங்கினானோ
அந்த அலைதான் எங்கள் இரண்டு பேரையும் தூக்கி
மணலில் எறிந்தது.

பேர் தெபாஷிஷ்.
டைல் ஒட்டுகிறவன்.
விரல் இடுக்கெல்லாம் காய்ந்த சிமெண்ட்,
கடலும் அதைக் கழுவியிருக்கவில்லை.
வாந்தியெடுத்து முடித்து
உள்ளங்கையைத் தட்டையாய் நீட்டிக் காட்டினான்:
அங்கே தண்ணீர் இப்படித்தானே இருந்தது?

ஆமாம் என்று தலையாட்டினேன்.
வேறென்ன சொல்ல.

பஸ் போனபின்
லூர்தையன் தன் சிவப்புப் பனியனைக் கழற்றி
ஒரு மூங்கிலில் கட்டி அந்த இடத்தில் நட்டான்.
காற்று நிரம்பி அது உடம்பு வைத்தது,
இரண்டு கையையும் விரித்தது,
விரித்து
ஊரைச் சுட்டியது,
பள்ளிவாசலை, மலையை, பெட்ரோல் பங்கை.
கடலை மட்டும் சுட்டவேயில்லை.

பந்தை மறந்து போயிருந்தார்கள்.
அது தானாக உருண்டு
ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது.